மலைமுகட்டைத் தேடிச் செல்லும் கிளைடர்கள்: ஒருநாள் பயணமும் அதன் பின்னுள்ள காற்றியலும்

எஞ்சின் இல்லாத வானூர்தியான கிளைடர், காற்றில் எப்போதும் கீழ்நோக்கியே இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொண்டால், அதைப் பற்றிய மற்றச் செய்திகள் எளிதாகப் புரிந்துவிடும். பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் ஏ.எஸ்.கே. 21 என்ற இரட்டை இருக்கைக் கிளைடர், அசையாத காற்றில் 1 மீட்டர் உயரத்தை இழப்பதற்குள் ஏறத்தாழ 34 மீட்டர் முன்னே சென்றுவிடும். ஆனால் எவ்வளவு தேர்ந்தவர் ஓட்டினாலும் ஒவ்வொரு நொடிக்கும் சுமார் 0.7 மீட்டர் உயரத்தையாவது அது இழந்தே தீரும். தரையில் நிற்கும் வின்ச் இயந்திரம் நீண்ட வடத்தால் இழுத்து 400 மீட்டர் உயரத்தில் விட்டுவிட்டால், வேறு துணை எதுவும் கிடைக்காத நாளில் பத்து நிமிடங்களுக்குள் அதன் சக்கரம் மீண்டும் புல்லைத் தொட்டுவிடும். மணிக்கணக்கில் பறக்கும் கிளைடர் ஓட்டிகள் அனைவரும் செய்வது, தாம் இறங்கும் வேகத்தைவிட விரைவாக மேலேறும் காற்றைக் கண்டுபிடித்து அதற்குள்ளேயே தங்கியிருப்பதுதான்.

அத்தகைய காற்று மூன்று வழிகளில் கிடைக்கிறது. வெயிலில் சூடேறிய தரையிலிருந்து கிளம்பும் தெர்மல் என்னும் வெப்பக் காற்றுத் தூண்கள் முதல் வழி. பெரிய மலைகளைக் கடந்த காற்று அவற்றுக்கு அப்பால் எழுப்பும் அலைகள் இரண்டாவது. வீசும் காற்று மலைச்சரிவில் மோதி மேல்நோக்கித் திரும்புவது மூன்றாவது. இக்கட்டுரை பேசப்போவது இந்த மூன்றாவது வழியைப் பற்றி. இதைச் சரிவேற்றம் என்று இங்கே குறிப்பிடலாம்.

சமவெளியில் அமைந்த கிளைடர் கிளப் ஒன்று ஏன் விடியுமுன் புறப்பட்டு, வானூர்திகளை டிரெய்லரில் ஏற்றி, வேறொரு கிளப்பின் மலைக்குச் செல்ல வேண்டும் என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தின் நடுப்பகுதிச் சமவெளியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை சூரியன் தாழ்வாகவே செல்வதாலும், தரை ஈரமாகவே கிடப்பதாலும் தெர்மல்கள் பெரும்பாலும் உருவாவதில்லை. அங்கே பயிலும் மாணவர் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கிவிடுகிறார். ஒரு நாள் முழுவதும் குளிரில் நின்றாலும் காற்றில் கழித்த நேரம் அரை மணியைத் தாண்டாது. ஆனால் சரிவேற்றத்துக்கு வெயில் தேவையில்லை. தக்க திசையிலிருந்து தக்க வேகத்தில் காற்று வீசினால், டிசம்பர் மாதத்து மேகமூட்டமான நாளிலும் வெளிச்சம் இருக்கும்வரை பறக்கலாம். குளிர்காலத்தில் மலைக் கிளப்புகளை நோக்கிப் பிற கிளப்புகள் பயணப்படுவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

காற்று எப்படி மேலேறுகிறது

ஆற்றின் குறுக்கே மூழ்கிக் கிடக்கும் நீண்ட பாறையின்மீது நீர் ஏறி, உச்சியைக் கடந்ததும் கீழே சரிந்து, பின்புறத்தில் சுழித்துக் கலங்குவதைப் பார்த்தவர்களுக்கு மலைமுகட்டின்மீது காற்று நடந்துகொள்ளும் முறை புதிதாக இராது. காற்று வந்து மோதும் பக்கத்தில் ஏற்றம். உச்சிக்கு அப்பால் இறக்கமும் சுழல்களும். இவ்விரண்டும் எப்போதும் சேர்ந்தே இருக்கின்றன என்பதால், ஏற்றத்தை நாடிச் செல்பவர் இறக்கம் எங்கே தொடங்குகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

ஏற்றத்தின் அளவைத் தோராயமாகக் கணக்கிடுவது கடினமன்று. 20 நாட் வேகக் காற்று என்பது நொடிக்குச் சற்றேறக்குறைய 10 மீட்டர். நான்கு மீட்டர் கிடைத்தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் அது நேராக மோதினால், சரிவையொட்டி ஓடும் காற்றின் மேல்நோக்கிய வேகம் நொடிக்கு 2.5 மீட்டர் ஆகிறது. கிளைடர் தன் இயல்பில் நொடிக்கு ஒரு மீட்டருக்குள்தான் இறங்குகிறது. எனவே மிச்சமாகும் ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அது உயரும். சரிவு செங்குத்தாக ஆக ஏற்றமும் மிகும் என்று தோன்றினாலும், சுவர்போல நிற்கும் பாறை விளிம்புகளில் காற்று ஒழுங்காக வளைந்து ஏற முடியாமல் சிதறிச் சுழலுவதும் உண்டு. உயரே செல்லச் செல்ல மலையின் செல்வாக்கு குறைந்துகொண்டே போவதால், முகட்டைவிட மலையின் உயரத்தைப்போல் ஒரு மடங்கோ இரு மடங்கோ மேலே சென்றதும் ஏற்றம் அடங்கிவிடுவதே வழக்கம். ஏற்றம் மிகுதியாக உள்ள இடம் உச்சிக்கு நேர்மேலே இருப்பதில்லை. உச்சிக்குச் சற்று முன்னால், காற்று வரும் பக்கமாகச் சாய்ந்து இருக்கிறது. ஆகையால் உயர உயரக் கிளைடரும் மலையைவிட்டுச் சிறிது சிறிதாக முன்னே நகர வேண்டும்.

மலையின் வடிவம் இக்கணக்கை வெகுவாக மாற்றிவிடுகிறது. தனித்து நிற்கும் கூம்பு வடிவக் குன்றில் மோதும் காற்று, மேலே ஏறுவதைவிடப் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போவதையே தேர்ந்தெடுக்கும். நீண்டு கிடக்கும் முகட்டில்தான் ஏறுவதைத் தவிர அதற்கு வேறு வழி இருப்பதில்லை. முகட்டின் நடுவே பள்ளத்தாக்கு ஒன்று வெட்டிக்கொண்டு போனால் காற்று அதன் வழியே நழுவிவிடும், அந்த இடைவெளிக்கு மேலே ஏற்றமும் அற்றுப்போகும். உட்குழிந்த சரிவுகளில் காற்று குவிந்து ஏற்றம் மிகுகிறது. காற்று முகட்டுக்குச் செங்குத்தாக இல்லாமல் 45 பாகை சாய்ந்து வந்தால், சரிவில் மோதும் பகுதி பத்தில் ஏழாகக் குறைந்துவிடுகிறது. அதற்கும் மேல் சாய்ந்தால் முகடு பயன்படாது என்றே கொள்ள வேண்டும்.

இந்த அறிவு கிளைடர் வரலாற்றின் தொடக்கத்திலிருந்தே வருகிறது. 1911 அக்டோபரில் ஆர்வில் ரைட், கில் டெவில் ஹில்ஸ் மணற்குன்றின் முன்னால் எஞ்சினில்லாத ஊர்தியில் 9 நிமிடம் 45 நொடி தங்கியிருந்தார். 1922 ஆகஸ்டில் ஜெர்மனியின் வாஸர்குப்பே மலையில் மார்டென்ஸ் என்பவர் ஹானோவர் மாணவர்கள் உருவாக்கிய வாம்பயர் கிளைடரில் ஒரு மணி நேரத்தைக் கடந்தார். சில நாட்களுக்குள் ஹென்ட்ஸென் அதே கிளைடரில் மூன்று மணி நேரத்தைத் தாண்டினார். தெர்மல்களைப் பயன்படுத்தும் கலை அதன்பின் சில ஆண்டுகள் கழித்தே வளர்ந்தது.

எந்த மலைக்கு, எந்த நாளில்

பிரிட்டனில் இத்தகைய பயணங்களுக்குப் பேர்பெற்ற இடங்கள் பல உள்ளன. டன்ஸ்டபிள் டவுன்ஸ் சுண்ணக்குன்றின் அடியில் லண்டன் கிளப்பும், சட்டன் பேங்க் செங்குத்துச் சரிவின் உச்சியில் யார்க்ஷயர் கிளப்பும், ஸ்காட்லாந்தில் பிஷப் ஹில் மலையின் அடிவாரத்திலுள்ள போர்ட்மோக்கில் மற்றொரு கிளப்பும் இயங்குகின்றன. விமானத்தளம் மலையின் அடியில் இருக்கிறதா, உச்சியில் இருக்கிறதா என்பது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். அடிவாரத் தளத்தில் ஏற்றம் அடங்கிப்போனால் திரும்பித் தளத்திலேயே இறங்கிவிடலாம். உச்சித் தளத்திலோ, முகட்டுக்குக் கீழே தாழ்ந்துவிட்டவருக்குத் தளம் எட்டாத உயரத்தில் போய்விடுகிறது. விருந்தாளியாக வருபவர் முதலில் உணர வேண்டியது இதுவே.

உச்சித் தளத்துக்கு எடுத்துக்காட்டாக ஷ்ராப்ஷயரிலுள்ள லாங் மிண்ட் மலையைக் கொள்வோம். 1934இல் தொடங்கப்பட்ட மிட்லண்ட் கிளைடிங் கிளப் இம்மலையின் மேலேதான் இயங்குகிறது. மலையின் மிக உயர்ந்த இடமான போல் பேங்க் 516 மீட்டர். விமானத்தளம் கடல்மட்டத்துக்கு மேல் 430 மீட்டரை ஒட்டிய உயரத்தில் உள்ளது. கிழக்குப் பக்கத்தை ஆழமான பள்ளத்தாக்குகள் விரல்விட்டதுபோல் பிளந்திருக்க, மேற்குப் பக்கம் பெரிதும் முறிவில்லாத ஒரே சரிவாகச் சமவெளிக்கு இறங்குகிறது. வேல்ஸ் பக்கமிருந்து வரும் மேலைக்காற்று அச்சரிவில்தான் மோதுகிறது. காற்று கிழக்கிலிருந்து வீசும் நாளில் இதே மலை கிளைடருக்கு உதவாதது மட்டுமல்ல, தளத்தைச் சுற்றிய காற்றும் கலங்கியிருக்கும்.

ஆகவே பயணத்தின் நாளை நாட்காட்டி முடிவு செய்வதில்லை. சனிக்கிழமை என்று முன்கூட்டியே குறித்துவைத்தாலும், வெள்ளி மாலை வானிலை முன்னறிவிப்பைப் பார்த்த பிறகே உறுதி செய்கிறார்கள். தரைமட்டக் காற்றைவிட 2,000 அடி உயரத்துக் காற்றின் திசையையும் வேகத்தையும் பார்ப்பது நல்லது; மலையுச்சியில் உணரப்படுவது அந்தக் காற்றுக்கே நெருக்கமானது. மேற்கிலிருந்து 15 முதல் 25 நாட் வரை என்பது மனநிறைவான அறிவிப்பு. அதற்குக் குறைந்தால் ஏற்றம் போதாது. வெகுவாக மிஞ்சினால் தரையில் கிளைடரைக் கையாளுவதே ஆபத்தாகிவிடும்.

புதியவர்கள் பெரும்பாலும் காற்றைப் பார்த்துவிட்டு மேகத்தை மறந்துவிடுகிறார்கள். மேகத்தின் அடிமட்டம் கடல்மட்டத்திலிருந்து 1,500 அடி என்று அறிவிக்கப்பட்டால், சமவெளிக் கிளப்பில் அது மந்தமான, ஆனால் சமாளிக்கக்கூடிய நாள். 1,400 அடி உயரத்திலுள்ள தளத்திலோ மேகம் தலையைத் தொடுகிறது என்று பொருள். போதாக்குறைக்கு, சரிவில் ஏறும் ஈரக்காற்று குளிர்ந்து உச்சியிலேயே புதிய மேகத்தை உண்டாக்கி விடுவதும் உண்டு. பொருத்தமான காற்று, உயர்ந்த மேகம், மழையின்மை ஆகிய மூன்றும் ஒரே விடுமுறை நாளில் கூடிவருவது அரிது என்பதால், இத்தகைய பயணங்கள் தள்ளிப்போடப்படுவதே இயல்பு. தள்ளிப்போடத் தயங்காத அமைப்பாளரையே நல்ல அமைப்பாளர் என்று நான் கருதுவேன்.

பயணமும் அறிமுகமும்

கிளைடரின் இறக்கைகளையும் வால் பகுதியையும் கழற்றி, நீண்ட ஒடுங்கிய டிரெய்லருக்குள் வைத்துக் காரின் பின்னால் இழுத்துச் செல்கிறார்கள். லாங் மிண்ட் போன்ற இடத்தில் எந்தச் சாலை வழியாக ஏறுவது என்பதைப் புரவலர் கிளப்பிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சர்ச் ஸ்ட்ரெட்டன் ஊரிலிருந்து ஏறும் பர்வே என்னும் சாலை ஒரு பக்கம் பள்ளத்தைக் கொண்ட குறுகிய, செங்குத்தான பாதை, டிரெய்லரோடு எதிரே கார் வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உச்சியில் காற்று வீசிக்கொண்டிருக்கும்போது இறக்கைகளைப் பொருத்துவது சமவெளியில் அமைதியான காலையில் செய்யும் வேலையைப் போன்றதன்று. இறக்கையை வெளியே எடுத்ததுமே அது தன் வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகிறது, அதாவது தூக்க முயல்கிறது. ஆட்கள் கூடுதலாக நிற்க வேண்டும்; இறக்கைகளைப் பிணைக்கும் முக்கிய ஊசிகள் பூட்டப்பட்டுவிட்டனவா என்பதை ஒருவர் பார்த்த பின் மற்றொருவரும் பார்க்க வேண்டும்; ஓட்டியின் இருக்கையில் ஒருவர் கட்டுப்பாட்டுத் தண்டை அசைக்க, வெளியே மற்றொருவர் இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பகுதிகளைக் கையால் தடுத்துப் பிடித்து, இணைப்பு உண்மையாகவே இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பொருத்தி முடித்த கிளைடரை ஆளில்லாமல் விட்டுச்செல்லக் கூடாது.

பின்னர் அறிமுக உரை. விருந்தாளிகள் தம் பறப்புப் பதிவேடு, உரிமம், மருத்துவச் சான்று ஆகியவற்றைக் காட்டி, அன்றைக்கு மட்டுமான உறுப்பினர்களாகப் பதிந்துகொண்டதும், அவ்விடத்துப் பயிற்றுநர் ஒருவர் அந்த மலையைப் பற்றிப் பேசுகிறார். இருபது ஆண்டு அனுபவமுள்ள சமவெளி ஓட்டியும் இங்கே மாணவர் வரிசையில்தான் அமர்கிறார். காற்றியல் எல்லா மலைகளுக்கும் ஒன்றே என்றாலும், இந்த மலையில் தென்மேற்குக் காற்று வந்தால் எந்த மூலையில் ஏற்றம் அறுந்துபோகும், எந்த வயல் இறங்குவதற்கு உகந்தது, எந்த வயலில் கம்பி ஓடுகிறது, எங்கே இறக்கக் காற்று தொடங்குகிறது என்பவை அங்கேயே ஆண்டுக்கணக்கில் பறந்தவர்களிடம் மட்டுமே இருக்கும் அறிவு. அதன்பின், இரட்டை இருக்கைக் கிளைடரில் அவ்விடத்துப் பயிற்றுநரோடு ஒரு முறையாவது பறந்து காட்டிய பிறகே தனியாகப் பறக்க இசைவு கிடைக்கும். இதைத் தன் திறமைமீதான ஐயம் என்று எடுத்துக்கொள்பவர்கள் சிலர் எல்லாக் கிளப்புகளிலும் உண்டு. முதல் திருப்பத்திலேயே அவர்கள் மனம் மாறுவதும் உண்டு.

உயரமானியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தளத்தில் நிற்கும்போது அதன் முள்ளைச் சுழியத்தில் வைத்துவிட்டுப் புறப்படுவது பயிற்சிப் பறப்புகளில் வழக்கம். உச்சித் தளத்தில் அப்படி வைத்தால், முகட்டுக்குக் கீழே தாழ்ந்தவுடன் முள் சுழியத்துக்கும் கீழே போகும். மேற்கே விரியும் அடிவார வயல்கள் தளத்தைவிட ஏறத்தாழ 200 மீட்டர் தாழ்வாக உள்ளன. அந்த வயல்களில் இறங்க நேர்ந்தால், முள் காட்டும் எண்ணைவிடக் கண் காட்டும் தோற்றத்தையே நம்ப வேண்டும்.

புறப்பாடு

வின்ச் மூலம் ஏவுவது அங்கும் வழக்கமே. ஆனால் மேலைக்காற்று வலுவாக வீசும் நாளில் லாங் மிண்டில் இன்றும் கையாளப்படும் பழைய முறை ஒன்று பல விருந்தாளிகளை ஈர்க்கிறது. கிளைடரை விளிம்பருகே காற்றை நோக்கி நிறுத்தி, தடித்த ரப்பர் கயிற்றின் நடுப்பகுதியை அதன் மூக்கிலுள்ள கொக்கியில் மாட்டுகிறார்கள். கயிற்றின் இரு முனைகளையும் இரு குழுக்கள் பிடித்துக்கொண்டு ஆங்கில வி எழுத்தைப்போல விரிந்து நிற்க, வால் பக்கத்தில் கிளைடர் பிடித்து நிறுத்தப்படுகிறது. முதலில் நடக்கச் சொல்லிக் குரல் வருகிறது. கயிறு இறுகியதும் ஓடச் சொல்லிக் குரல் வருகிறது. குழுக்கள் சரிவில் இறங்கி ஓட, வால் விடுவிக்கப்பட்டதும் கிளைடர் சில மீட்டர் தூரமே உருண்டு விளிம்பைக் கடந்து, கயிற்றை உதறிவிட்டு மேலேறும் காற்றுக்குள் நுழைந்துவிடுகிறது. தரையிலிருந்து ஒரு சில மீட்டர் உயரத்தில் கிளம்பினாலும், மலை முழுவதும் கீழே இருப்பதால் நொடிகளிலேயே நூறு மீட்டருக்கு மேற்பட்ட பள்ளத்தின்மேல் பறந்துகொண்டிருக்கும். எஞ்சினோ எரிபொருளோ இதில் இல்லை. மாறாக ஓடுவதற்கு ஆட்கள் வேண்டும், எனவே இத்தகைய நாளில் விருந்தாளிகளின் கால்களும் வரவேற்கப்படுகின்றன. காற்று போதிய அளவு இல்லாத நாளில் இம்முறையைக் கையாளுவதில்லை, ஏனெனில் விளிம்பைக் கடந்தபின் ஏற்றம் இல்லாவிட்டால் மீதமிருப்பது அடிவார வயல் மட்டுமே.

முகட்டின் முன்னால்

முகட்டையொட்டிப் பறக்கும் கிளைடரைக் கீழிருந்து பார்ப்பவருக்கு அது நண்டுபோல் பக்கவாட்டில் நகர்வதாகத் தோன்றும். காற்று 20 நாட் வேகத்தில் மலையை நோக்கித் தள்ளிக்கொண்டேயிருப்பதால், முகட்டுக்கு இணையாகச் செல்ல விரும்பும் ஓட்டி மூக்கைக் காற்றின் பக்கம் சாய்த்துவைக்க வேண்டும். 55 நாட் வேகத்தில் பறந்தால் இச்சாய்வு சுமார் 21 பாகை. தரைக்கு மேலான வேகம் சுமார் 51 நாட், அதாவது மணிக்கு 95 கிலோமீட்டரை ஒட்டியது. முகட்டின் முனை வந்ததும் திரும்பி, மீண்டும் மறுமுனை வரை செல்வதுதான் சரிவேற்றப் பறப்பு. கேட்பதற்குச் சலிப்பூட்டுவதாக இருந்தாலும், திருப்பங்களில் கவனம் முழுவதும் தேவைப்படுகிறது.

திருப்பம் எப்போதும் மலையைவிட்டு விலகும் திசையில், காற்றை நோக்கியே இருக்க வேண்டும் என்பது மாற்றமில்லாத விதி. இதன் காரணத்தைக் கணக்கே காட்டிவிடும். 55 நாட் வேகத்தில் 30 பாகை சாய்ந்து திரும்பும் கிளைடர் அரைவட்டம் போட ஏறத்தாழ 16 நொடி ஆகிறது. அரைவட்டத்தின் அகலம் சுமார் 280 மீட்டர். அந்த 16 நொடிகளில் 20 நாட் காற்று அதனை மலைப்பக்கமாக மேலும் 160 மீட்டர் தள்ளிவிடுகிறது. மலையை விலகித் திரும்பினால் தள்ளல் நம் பக்கம் நின்று, நாம் முகட்டருகிலேயே இருக்க உதவுகிறது. மலையை நோக்கித் திரும்பினாலோ இரண்டும் கூடி, 400 மீட்டருக்கு மேற்பட்ட இடம் தேவைப்படும். அந்த இடத்தில் நிற்பது மலை.

இதோடு தொடர்புடைய கண்மயக்கம் ஒன்றும் உண்டு. உயரத்தில் பறக்கும்போது தரை மெதுவாக நகர்வதாகவே தெரியும். சரிவுக்கு அருகில், காற்றும் ஓரளவு பின்னாலிருந்து தள்ளும்போது, புதர்களும் பாறைகளும் விரைந்து ஓடுவதைக் கண்டு ஓட்டிக்குத் தாம் மிக வேகமாகச் செல்வதாகத் தோன்றிவிடுகிறது. கை தானாகவே தண்டைப் பின்னுக்கு இழுத்து வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் இறக்கை அறிவது தன்மீது ஓடும் காற்றின் வேகத்தை மட்டுமே. அது குறைந்தால் தூக்குவிசை முறிந்து, கிளைடர் ஒரு பக்கம் விழுந்து சுழலத் தொடங்கலாம். சமவெளிக்கு மேலே பயிற்சியின்போது இத்தகைய சுழலிலிருந்து மீளக் கற்றுக்கொடுக்கப்படுகிறது, ஆனால் மீள்வதற்கு உயரம் வேண்டும். சரிவிலிருந்து சில பத்து மீட்டர் தொலைவில் அந்த உயரம் இல்லை. ஆகையால்தான் மலைக்கு அருகில் செல்லச் செல்ல வேகத்தைக் கூட்டி வைத்திருக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள், வேகமானியை அடிக்கடி பார்க்கவும் சொல்கிறார்கள். தொடங்குபவர் நினைவில் கொள்ள ஒரே ஒரு செய்தியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

முகட்டில் நாம் மட்டும் இருப்பதில்லை. ஏற்றம் ஒரு குறுகிய பட்டையில் மட்டுமே இருப்பதால் எல்லாக் கிளைடர்களும் ஏறத்தாழ ஒரே உயரத்தில், ஒரே கோட்டில், எதிரெதிராக வருகின்றன. வானில் எதிரெதிரே வரும் இரு ஊர்திகளும் வலப்புறம் விலக வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் மலையை வலப்புறம் கொண்டு வருபவர் வலப்புறம் விலக முடியாது. ஆகவே மலையை இடப்புறம் கொண்டவரே காலத்தோடு வெளிப்புறமாக விலகி வழிவிட வேண்டும். முந்திச் செல்லும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், வெளிநாட்டில் பறந்து பழகியவர்கள் அறிமுக உரையை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். லாங் மிண்டில் பாராகிளைடர்களும் ஹேங் கிளைடர்களும், சரிவில் நின்று இயக்கப்படும் மாதிரி வானூர்திகளும்கூட அதே காற்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பாராகிளைடர் மணிக்கு 35 அல்லது 40 கிலோமீட்டர் வேகத்தில் மிதப்பது. அதன் அருகில் மூன்று மடங்கு வேகத்தில் வரும் கிளைடரின் ஓட்டிதான் தொலைவிலேயே கண்டு விலக வேண்டும். அருகிலுள்ள கிளைடர்களை எச்சரிக்கும் ஃபிளார்ம் கருவி பலவற்றில் இருந்தாலும், அக்கருவியைச் சுமக்காதவற்றை அது காட்டாது. பறவைகளிடம் மட்டும் விதி எதுவும் செல்லாது, ஆனால் இறக்கையசைக்காமல் உயரும் பறவை ஏற்றம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

ஏற்றம் கைவிட்டால்

காற்று சற்றுத் தளர்ந்தாலோ, திசை மாறினாலோ, மழைத் திரள் ஒன்று கடந்தாலோ ஏற்றம் சில நிமிடங்களில் அடங்கிவிடும். முகட்டுக்கு மேலே உயரம் கையிருப்பில் உள்ளபோதே தளத்துக்குத் திரும்புவது அறிவுடைமை. தாழ்ந்துவிட்டவர் சரிவை நெருங்கி நெருங்கி மேலேற முயன்றுகொண்டேயிருப்பது தவறு. குறித்த உயரத்துக்குக் கீழே வந்ததும் முயற்சியைக் கைவிட்டு, பயிற்றுநர் காலையில் சுட்டிக்காட்டிய அடிவார வயலை நோக்கித் திரும்பிவிட வேண்டும். அப்படி இறங்கியவருக்கு அவமானம் ஏதும் இல்லை, ஆனால் நண்பர்கள் டிரெய்லரோடு மலையைச் சுற்றி இறங்கிவந்து, கிளைடரைப் பிரித்து ஏற்றிச் செல்லும்வரை அந்த வயலில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

உச்சியிலேயே இறங்குபவருக்கும் வேலை எளிதன்று. தரையை நெருங்க நெருங்கக் காற்றின் வேகம் உராய்வால் குறைகிறது. 25 நாட் எதிர்க்காற்றில் இறங்கிக்கொண்டிருக்கும் கிளைடர் திடீரென 15 நாட் காற்றுக்குள் நுழைந்தால், இறக்கையின்மேல் ஓடும் காற்று அந்த அளவுக்குக் குறைந்துபோகும். இதை ஈடுசெய்ய, வழக்கமான இறங்கு வேகத்தோடு காற்றின் வேகத்தில் பாதியைக் கூட்டிக்கொள்வது பரவலான நடைமுறை. உச்சிக்குப் பின்புறம் இறக்கக் காற்று இருப்பதால், இறங்குவதற்கான சுற்றை அகலமாகப் போட்டுப் பின்புறத்தில் வெகுதூரம் செல்வது தளத்தை எட்ட முடியாமல் செய்துவிடும். தரையைத் தொட்ட பிறகும் ஓட்டி உடனே இறங்கிவிடக் கூடாது. யாராவது ஓடிவந்து இறக்கை முனையைப் பிடிக்கும்வரை உள்ளேயே அமர்ந்து கட்டுப்பாடுகளைப் பிடித்திருக்க வேண்டும். அவருடைய எடைகூட அந்த நேரத்தில் கிளைடர் புரளாமல் காக்கும் பாரம்தான். தளத்தில் மேய்ந்துகொண்டிருக்கும் ஆடுகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு நேரம் பறக்கலாம் என்பதற்குக் காற்றைவிட உடலே எல்லை வகுக்கிறது. பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பு வழங்கும் வெள்ளிச் சின்னத்துக்கு 5 மணி நேரப் பறப்பும், 50 கிலோமீட்டர் தூரமும், 1,000 மீட்டர் உயர ஏற்றமும் தேவை. இவற்றுள் 5 மணி நேரத்தை முகட்டில் முடிப்பது நெடுங்கால வழக்கம். ஒரு காலத்தில் இந்தப் போட்டி எல்லை மீறிச் சென்றது. 1952 ஏப்ரலில் சார்ல் அட்ஜே என்ற பிரெஞ்சுக்காரர், நாட்டின் தெற்கிலுள்ள அல்ப்பீய் குன்றுகளில் தனியாக 56 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பறந்தார். சோர்வினாலும் தூக்கத்தினாலும் உயிர்கள் போனபின் அத்தகைய நேரச் சாதனைகள் அங்கீகரிக்கப்படுவது நிறுத்தப்பட்டது. சரிவேற்றத்தின் உண்மையான வீச்சைத் தூரத்தில் காட்டியவர்கள் அமெரிக்காவின் அப்பலேச்சியன் முகடுகளில் பறந்தவர்கள். கார்ல் ஸ்ட்ரீடிக் 1977இல் அம்முகடுகளை ஒட்டிச் சென்று திரும்பியதில் 1,600 கிலோமீட்டரைக் கடந்தார். நம் ஒருநாள் விருந்தாளிக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தாலே, சமவெளியில் ஒரு மாதத்தில் கிடைக்காத பறப்பு நேரம் ஒரே அமர்வில் கிடைத்துவிடுகிறது. குளிரும் இதில் பங்கு கொள்கிறது: அசையாமல் அமர்ந்திருக்கும் ஓட்டியின் பாதங்கள் முதல் மணி நேரத்திலேயே மரத்துவிடும் என்பதால், தடித்த காலுறைகளை மறந்தவர் ஏற்றம் நன்றாக இருக்கும்போதே இறங்க நேரிடும்.

மாலை நெருங்கும்போது வேறொரு சிக்கல் தலைகாட்டுகிறது. காற்று மேற்கிலிருந்து வருவதால் இறங்குவதும் மேற்கு நோக்கியே. குளிர்காலச் சூரியனும் அதே திசையில் தாழ்ந்து நின்று கண்ணைக் கூசச் செய்கிறது. கீறல் விழுந்த அல்லது அழுக்கேறிய கண்ணாடிக் கூரையின் வழியே பார்த்தால் எதிரே வரும் கிளைடரும் தெரியாது, தளத்தின் விளிம்பும் தெரியாது. எனவே வெளிச்சம் மிச்சமிருந்தாலும் மூன்று மணிக்கெல்லாம் விருந்தாளிகளின் கடைசிப் பறப்பை முடித்துக்கொள்ளச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிளைடர்களைப் பிரித்து டிரெய்லரில் ஏற்றுவதற்கு இருட்டுவதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். காலையில் இறக்கைகளைப் பொருத்தியபோது கைகள் சூடாக இருந்தன, இப்போது அதே ஊசிகளை மரத்த விரல்களால் உருவ வேண்டும். பதிவேடுகளில் அவ்விடத்துப் பயிற்றுநர் கையெழுத்திட்டு, எந்தக் காற்றில், எந்த முறையில் ஏவப்பட்டு, எவ்வளவு நேரம் பறந்தார் என்பதைக் குறித்துத் தருகிறார். அடுத்த முறை அதே ஓட்டி வடமேற்குக் காற்றில் வந்தால், அக்குறிப்பைப் பார்த்து இன்னொரு பயிற்றுநர் மலையின் மற்றப் பகுதிகளைக் காட்டிக்கொடுப்பார்.